வகுப்பில் மட்டும் ஏன் இப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் வீடு முதலமடை பக்கம், மாந்தோப்புக்குள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்கு வந்து, எட்டு நாய்கள் சேர்ந்து பழகுகிற ஒரு குரூப் கிளாஸில் எங்கள் இரண்டு நாய்களையும் சேர்த்திருக்கிறேன். மல்லி ராஜபாளையம், பெட்டை, இரண்டு வயது. கரியன் கறுப்பு லாப்ரடார், ஆண், பத்து மாதம். மல்லியின் கயிறு என் தங்கை கையில், கரியன் என் கையில். முதல் ஐந்து வாரம் எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவான நெம்மாரா வல்லங்கி வேல வந்தது. அத்தை வீடு நெம்மாராவில், நாங்கள் குடும்பத்தோடு போனோம், நாய்களைத் தனியாக விட முடியாமல் கூட்டிப்போய் பின்னறையில் அடைத்து வைத்தோம். வெடிக்கட்டு என்கிற வாணவேடிக்கை முடிந்து கதவைத் திறந்தபோது மல்லி கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு இருந்தாள். அடுத்த ஞாயிறு வகுப்பில் அவள் வண்டியை விட்டே இறங்கவில்லை. கரியனோ அவளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தான், 'சிட்' என்ற சொல்லையே மறந்துவிட்டான். பயிற்சியாளர் கயிற்றை வாங்கினால் உடனே உட்காருகிறான், என்னிடம் வந்ததும் எழுந்துவிடுகிறான். மூன்று வாரமாக இதே கதை. வீட்டில் இரண்டும் ஓரளவு கேட்கின்றன, அதிலும் அம்மா 'உட்காரு' என்பார், தோட்டத்துச் சேட்டன் 'இரி' என்பார், நாங்கள் 'சிட்' என்போம். இரண்டுக்கும் சோக் செயின், அதாவது இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சங்கிலி, போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பயிற்சியாளர். பத்தாவது வாரம் தேர்வு. போடலாமா, இல்லை வகுப்பையே விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், முதலமடை

பதில்: சோக் செயின் வேண்டாம் தம்பி. வகுப்பையும் விட வேண்டாம். தேர்வை மட்டும் தள்ளிப் போடுங்கள். இந்த மூன்றையும் முதலில் சொல்லிவிட்டேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது வரும் ஞாயிறே நீங்கள் அந்தச் சங்கிலியை வாங்கிவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மல்லியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். வேல வெடிக்கட்டு எப்படிப்பட்டது என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீன மாதம் இருபதாம் நாள், நெம்மாராவும் வல்லங்கியும் போட்டி போட்டுக்கொண்டு வெடிப்பது, நமக்கே நெஞ்சுக்குள் அதிரும். நாய்க்குக் காது நம்மைவிடப் பல மடங்கு கூர்மை, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, ஓட வழியில்லை, கதவு பூட்டியிருக்கிறது, வீட்டு ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை. பயப்படுகிற நாய்க்கு வெடியைவிடப் பூட்டிய கதவு பெரிய அடி. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, நடந்ததன் கனம் தெரிந்தால்தான் அதைத் தீர்க்கிற வேகமும் பிடிபடும்.

பாவ்லவ் என்ற ரஷ்ய விஞ்ஞானியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், சோறு வருவதற்கான அடையாளத்தைக் காட்டினாலே எச்சில் ஊறும்படி நாய்களைப் பழக்கியவர். 1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரத்தில் பெரிய வெள்ளம். அவருடைய நாய்க்கொட்டிலுக்குள் தண்ணீர் புகுந்து, நாய்களை நீந்த வைத்துத்தான் காப்பாற்ற முடிந்தது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், சில நாய்களுக்கு அத்தனை நாள் பழகிய பழக்கம் காணாமல் போயிருந்தது. பொறுமையாகத் திரும்பப் பழக்க நாளானது, ஆனால் வந்தது. அப்படித் தேறி வந்த ஒரு நாயின் அறைக்குள் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை மட்டும் கசிய விட்டார்கள், மறுபடியும் எல்லாம் போய்விட்டது. மல்லியை வகுப்புக்குக் கூட்டிப்போகிற ஒவ்வொரு முறையும் இந்தக் கசிவுத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் யாரோ பைக் ஸ்டார்ட் செய்தாலோ, வண்டிக் கதவை அறைந்து சாத்தினாலோ, அவளுக்கு அது நெம்மாரா பின்னறைதான்.

அதிலும் ராஜபாளையம். 2005இல் நம் அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நான்கில் ஒன்றாக இடம்பிடித்த இனம், அந்தத் தபால்தலையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு ஆளோடு ஒட்டிக்கொள்ளும், கூட்டத்தோடு சட்டென்று சேராது, மனசில் பட்டதை லேசில் மறக்காது. எட்டு நாய் நிற்கிற மைதானத்தில் லாப்ரடாருக்குத் திருவிழா, ராஜபாளையத்துக்கு அது கல்யாண வீட்டுக் கூட்டத்தில் தெரிந்த முகம் இல்லாமல் நிற்கிற மாதிரி. இன்னொன்று, ராஜபாளையம் மாதிரி வெள்ளை நிற நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது மந்தமாக இருக்கும். மல்லி வெடிக்குப் பயந்திருக்கிறாள் என்பதால் கேட்கிறது என்று தெரிகிறது, ஆனால் ஒரு காது மட்டும் கேட்காமலும் இருக்கலாம். அவள் தூங்காமல் படுத்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கள். சத்தம் வந்த திசைக்குத் திரும்பாமல் அங்கும் இங்கும் தேடினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கரியனுக்கு வேறு கதை. அவன் பயந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. பத்து மாதம் என்பது நாய்க்கு விடலைப் பருவம். 2020இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் நாய்களை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் 'உட்கார்' என்று சொல்லிப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில், வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைந்திருந்தது. அதே நாய் பழக்கமில்லாத ஆள் சொன்னால் கேட்டது. பயிற்சியாளர் கையில் உட்கார்ந்து உங்கள் கையில் எழுந்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். உங்களை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், யாரை நம்புகிறானோ அவரிடம்தான் அந்த வயதில் முரண்டு பிடிப்பான். ஒரு வயது தாண்டுகிற வாக்கில் சீராகிவிடும் என்றுதான் அந்த ஆய்வும் சொல்கிறது. இந்தச் சில மாதங்களில் கையை ஓங்காமல் இருந்தால் போதும்.

சரி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். மல்லிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அவள் பருவத்துக்கு வந்திருக்கிறாளா என்று பாருங்கள். பெட்டை நாய் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், ரத்தக்கசிவு ஆரம்பித்ததிலிருந்து மூன்று வாரம் வரை இருக்கும். அந்த நாட்களில் பத்து மாத ஆண் நாய்க்கு 'சிட்' காதில் ஏறாது, அவளைப் பார்த்துக் குரைப்பான், சோறுகூட வேண்டாம் என்பான். வகுப்பில் இருக்கிற மற்ற ஆண் நாய்களும் கலைந்து போகும், அதனால் பருவத்தில் இருக்கிற பெட்டையை எந்தக் குரூப் கிளாஸுக்கும் கொண்டுபோகக் கூடாது. வெடியும் இதுவும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்திருந்தால், மூன்று வாரமாக நீங்கள் பட்ட பாட்டில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதால் ஆபரேஷனைப் பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள், குட்டிகள் வந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். நீங்கள் இரண்டு நாய்களை ஒரு வகுப்பில் சேர்த்திருப்பதாக நினைக்கிறீர்கள். உண்மையில் மூன்று பாடம் நடக்கிறது. மல்லி தனியாகக் கேட்பது ஒரு பாடம், கரியன் தனியாகக் கேட்பது இன்னொன்று, பக்கத்தில் மற்றது நிற்கும்போதும் கேட்பது மூன்றாவது. முதல் இரண்டும் உறுதியாகாமல் மூன்றாவதில் உட்கார வைத்துவிட்டோம். ஐந்து வாரம் நன்றாகப் போனதுகூட, மல்லி உட்கார்ந்ததைப் பார்த்துக் கரியன் உட்கார்ந்ததாக இருக்கலாம். அவளை அவன் சுவர் மாதிரி சாய்ந்துகொண்டு நின்றான், வெடியில் சுவர் ஆட்டம் கண்டதும் அவனும் சாய்ந்துவிட்டான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மல்லியை வீட்டுக்குள் விட்டு, கரியனைத் தோப்பின் அந்தக் கோடிக்குக் கூட்டிப்போங்கள், அவள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டக் கூடாது. 'சிட்' சொல்லுங்கள். பத்து முறையில் எத்தனை முறை முதல் தடவையிலேயே உட்காருகிறான், எத்தனை நொடி இருக்கிறான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மறுநாள் மல்லியை அதே மாதிரி. பத்துக்கு எட்டு வந்தால் அந்தப் பாடம் தேறியது, ஐந்துக்குக் கீழே என்றால் வகுப்பில் எதிர்பார்க்கவே கூடாது. நோட்டில் எழுதச் சொல்வது சும்மா இல்லை, மனசில் வைத்துக்கொண்டால் கடைசியாகச் சொதப்பியது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

வார்த்தை விஷயத்துக்கு வருகிறேன், எல்லைப் பக்க வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கிற சிக்கல் இது. மலையாளத்தில் 'இரி' என்றால் உட்கார். தமிழில் 'இரு' என்றால் கொஞ்சம் பொறு, அங்கேயே நில். நாய்க்கு இலக்கணம் கிடையாது, சத்தம்தான். சேட்டன் 'இரி' என்று உட்கார வைக்கிறார், நீங்கள் கேட்டைத் திறக்கும்போது 'இரு இரு' என்கிறீர்கள், அவன் உட்கார வேண்டுமா நிற்க வேண்டுமா? அம்மாவின் 'உட்காரு' வேறு. ஆகையால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். 'சிட்' சுலபம், மூன்று பேர் வாயிலும் ஒரே மாதிரி வரும். 'இரு' என்பதை நாயிடம் சொல்லவே வேண்டாம், அதற்கு 'ஸ்டே' போதும். 'வா' மட்டும் அப்படியே இருக்கட்டும், இரண்டு மொழியிலும் ஒன்றுதான், அது நமக்குக் கிடைத்த வசதி. அம்மாவால் பழக்கத்தை மாற்ற முடியாது என்றால் கை ஜாடை கற்றுக்கொடுங்கள். உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்கார். நாய்கள் சொல்லைவிடக் கையைத்தான் முதலில் படிக்கும், அம்மா என்ன சொன்னாலும் கை ஒன்றாக இருந்தால் போதும்.

அடுத்த நான்கு ஞாயிறு ஒரு நாயை மட்டும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள், ஒரு வாரம் கரியன், ஒரு வாரம் மல்லி. மற்றது வீட்டில், கடிக்க ஏதாவது கொடுத்து, யாராவது கூட இருந்து. தங்கையும் நீங்களும் கயிற்றை மாற்றிக்கொள்ளுங்கள், உங்களிடம் முரண்டு பிடிக்கிற கரியனைத் தங்கை நடத்திப் பார்க்கட்டும். இப்படி ஒவ்வொன்றாக வருவதைப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "சார், இரண்டும் தனித்தனியாகத் தேறிய பிறகு சேர்த்துக்கொண்டு வருகிறோம், அதுவரை ஓரமாக நிற்கிறோம்" என்று மரியாதையாகச் சொன்னால், நல்ல பயிற்சியாளர் யாரும் மறுக்க மாட்டார். மறுத்தால் வேறு வகுப்பு தேடுங்கள்.

மல்லியின் ஞாயிறு இப்படி இருக்கட்டும். வகுப்பு ஆரம்பிக்கக் கால் மணி முன்னால் போய், மைதானத்துக்கு வெளியே நிழலில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வையுங்கள். இறங்கச் சொல்லாதீர்கள், இழுக்காதீர்கள். வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கிக் கொண்டுபோங்கள். அவள் சாப்பிடுகிறாளா என்பதுதான் உங்கள் அளவுகோல். ஈரலை வாங்கித் தின்றால் அந்தத் தூரம் அவளுக்குச் சரி. முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கம் இல்லாமல் கொட்டாவி விட்டால், வாலை அடக்கினால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். முதல் வாரம் அறுபது அடி தள்ளி நின்று பத்து நிமிடம் மற்ற நாய்களைப் பார்த்துவிட்டு, ஈரல் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்தால் அது வெற்றி. பத்து நிமிடத்துக்காகவா அத்தனை தூரம் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தோம் என்று தோன்றும். ஆமாம், அதற்காகத்தான். அடுத்த முறை ஐந்தடி முன்னே. ஒரு நாள் பின்னால் போகும், போகட்டும், நீங்களும் கூடவே பின்னால் போங்கள்.

கரியனுக்குத் தூரம் பிரச்சினை இல்லை, உற்சாகம்தான் பிரச்சினை. லாப்ரடாருக்குத் தீனி ஆசை ரத்தத்திலேயே இருக்கிறது, ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்கு அந்த ஆசையைக் கூட்டுகிற ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால் அவன் காலைச் சோற்றில் பாதியை எடுத்து வைத்து, அதையே வகுப்பில் பரிசாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் தேர்வு முடிவதற்குள் உருண்டுவிடுவான். உட்கார்ந்த நொடியே கொடுக்க வேண்டும். பையில் கைவிட்டுத் தேடி எடுத்து நீட்டுவதற்குள் அவன் எழுந்திருப்பான், அப்போது எழுந்ததற்குத்தான் கூலி கிடைத்தது என்று கற்றுக்கொள்வான். வகுப்புக்கு முன்னால் ஒரு இருபது நிமிடம் கயிற்றைத் தளர்த்தி விட்டு, மோந்து பார்க்க விட்டு நடத்திக் கூட்டி வாருங்கள், மூக்குக்கு வேலை கிடைத்தால் மனசு அடங்கும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு விதி. இரண்டு முறை சொல்லிச் செய்யவில்லை என்றால் மூன்றாவது முறை அதையே சொல்லாதீர்கள். சுலபமாக்குங்கள், இன்னும் தள்ளி நில்லுங்கள், அல்லது நிச்சயம் செய்கிற வேறு ஒன்றைக் கேட்டு, கூலி கொடுத்து முடியுங்கள். 'சிட் சிட் சிட்' என்று ஏழு முறை சொன்னால் ஏழாவதுதான் கட்டளை என்று அது நினைத்துக்கொள்ளும். வீட்டில் ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை, அதற்கு மேல் வேண்டாம்.

வெயிலையும் பாருங்கள். பாலக்காட்டுப் பக்கம் ஏப்ரலில் எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். சிமெண்ட் தரையில் புறங்கையை வைத்து ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் அதில் நாயை உட்காரச் சொல்லக் கூடாது. வகுப்பு ஒன்பது மணி வரை நீண்டு, கடைசியில் உட்கார மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற நாயைப் பார்த்திருக்கிறேன், வேறொன்றுமில்லை, அடி சுட்டது. கறுப்பு நாய்க்கு வெயில் இன்னும் சீக்கிரம் ஏறும். புல் தரையோ மர நிழலோ கேளுங்கள், தண்ணீர்க் கிண்ணம் கையோடு இருக்கட்டும்.

இனி அந்தச் சோக் செயின். இழுத்தால் கழுத்து இறுகும், வலிக்கும், நாய் அந்த நேரம் அடங்கிவிடும், அதனால் வேலை செய்கிற மாதிரி தெரியும். ஆனால் வலி வந்த நேரத்தில் அதன் கண் எதைப் பார்த்ததோ அதோடுதான் வலி சேரும். மல்லி மற்ற நாய்களைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது கழுத்து இறுகினால், அடுத்த வாரம் நாய்களைப் பார்த்தாலே உறுமுவாள். கரியன் அவளைப் பார்க்கும்போது இறுகினால், ஒரே வீட்டில் ஒன்றாகப் படுத்துத் தூங்கிய இரண்டுக்கும் நடுவில் நீங்களே பகை வைத்த மாதிரி ஆகும். மார்பில் மாட்டுகிற ஹார்னஸ், அல்லது சாதாரணப் பட்டை, ஆறடிக் கயிறு, இவை போதும். ராஜபாளையத்துக்குத் தலை சிறியது, கழுத்துப் பட்டை நழுவிவிடும், அதனால் அவளுக்கு ஹார்னஸ்தான் நல்லது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு சிப்பிப்பாறையும் ஒரு தெரு நாயும் இருந்தன. வகுப்பில் சிப்பிப்பாறை கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிட்டது, எல்லோர் முன்னாலும் எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. 'வா, வா' என்று கத்தினேன். கால் மணி நேரம் கழித்து அதுவாகவே என்னிடம் வந்தது. வந்த நாயை அடித்தேன். அன்றிலிருந்து ஐந்து மாதம், 'வா' என்றால் அது பத்தடி தள்ளியே நின்றுவிடும், என் கையைப் பார்க்கும். பக்கத்திலிருந்த தெரு நாயும் அதைப் பார்த்துவிட்டு நின்றுவிடும். கடைசியில் அந்தச் சொல்லையே தலைமுழுகிவிட்டு, விசில் அடித்து, ஒவ்வொரு விசிலுக்கும் ஈரல் கொடுத்து, முதல் பாடத்திலிருந்து தனித்தனியாக ஆரம்பித்தேன். விசிலுக்கு ஓடி வந்தது, ஆனால் சாகிற வரை 'வா' என்றால் நின்று யோசிக்கும். அந்த நாய் என் கையைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது, தம்பி.

நான்கு வாரம் கழித்து நோட்டைப் பாருங்கள். இரண்டும் தனியாகப் பத்துக்கு எட்டு வந்திருந்தால், வகுப்பில் இரண்டையும் மைதானத்தின் இரண்டு கோடியில் நிறுத்தி ஆரம்பியுங்கள், நடுவில் மற்ற நாய்கள் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் நிற்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அடுத்த வருஷம் வேலக்கு இரண்டையும் தோப்பிலேயே விடுங்கள், யாராவது ஒருவர் கூட இருங்கள். மல்லியின் நடுக்கம் அதற்குள் குறையவில்லை என்றால் வெடி நாட்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள், பயத்தைத் தணிக்கிற மருந்து இருக்கிறது, அவர் எடை பார்த்து அளவு சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: நகரி பக்கம் இருக்கிறோம் அக்கா. தெருவில் கிடைத்த ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு, அக்கா தங்கை, இரண்டரை மாதம். திருத்தணியில் ஒரு குரூப் கிளாஸில் கேட்டால், இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள மாட்டோம், ஒன்றை மட்டும் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். ஒன்றைப் பிரித்தால் மற்றது கத்திக் கத்தி ஊரைக் கூட்டுகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: அவர்கள் சொல்வது சரிதான் அம்மா. ஒரே ஈற்றுக் குட்டிகள் எப்போதும் ஒட்டியே வளர்ந்தால் மனிதரைவிட ஒன்றையொன்றுதான் நம்பும், பிறகு ஒன்று இல்லாமல் மற்றதால் ஒரு மருத்துவமனைக்குக்கூடப் போக முடியாது. இப்போதிலிருந்தே பிரித்துப் பழக்குங்கள், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். ஒன்று வாசலில் உங்களோடு இருக்கும்போது மற்றது உள்ளே எலும்பு மாதிரி ஏதாவது கடித்துக்கொண்டு இருக்கட்டும், முதலில் இரண்டு நிமிடம், கத்துவதற்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். சாப்பாடு தனித்தனித் தட்டில், தனித்தனி மூலையில். நடை தனி. தூங்குவது பக்கத்துப் பக்கத்தில் தனித்தனிப் படுக்கையில். விளையாடுவது மட்டும் சேர்ந்து.

வகுப்புக்கு இன்னும் அவசரமில்லை. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, நாலு மாதம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் போட வேண்டும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். தெருவில் பிறந்த குட்டிகள் என்பதால் பூச்சி மருந்தையும் மறக்க வேண்டாம். அதுவரை உலகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள். ஒரு நாள் ஒன்றை பஸ் ஸ்டாண்டுக்கு, ஒரு நாள் மற்றதைச் சந்தைக்கு, தரையில் விடாமல். வகுப்பில் சேரும்போது இரண்டு குட்டிக்கு இரண்டு நாள் என்று கேளுங்கள், பணம் இரட்டிப்பாகும், அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கம்பம்மெட்டுக்குக் கீழே, கம்பத்தில் இருக்கிறோம். எங்கள் கோம்பை நாயும் பொமரேனியனும் வீட்டில் ஒன்றாகவே இருக்கும். வகுப்பில் ஒன்றுக்குத் தின்பண்டம் கொடுத்தால் மற்றது பாய்ந்துவிடுகிறது. போன வாரம் பொமரேனியன் காதில் ரத்தம். வகுப்புக்காரர் நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்.
– ஒரு வாசகர்

பதில்: ரத்தம் வந்துவிட்டதால் நிறுத்தச் சொன்னது நியாயம், கோபப்படாதீர்கள். முதலில் காதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், நாய்க்கடிக் காயம் மேலே ஆறி உள்ளே சீழ் பிடிக்கும். இரண்டுக்கும் தடுப்பூசித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் பத்தடி இடைவெளியும், முடிந்தால் ஒரு கதவும் வையுங்கள். பிறகு இரண்டுக்கும் தனித்தனிச் சாக்கு. சாக்கின் மேல் இருந்தால்தான் தின்பண்டம் வரும், சாக்கை விட்டு இறங்கினால் வராது. இதை ஒவ்வொன்றாகப் பழக்குங்கள், ஒன்று பழகும்போது மற்றது வேறு அறையில் இருக்க வேண்டும். பிறகு பேரைச் சொல்லி, பேர் சொன்னதற்கு மட்டும் கொடுங்கள். கோம்பை பேரைக் கேட்டுப் பொமரேனியன் சாக்கிலேயே இருந்தால், உடனே பொமரேனியன் பேரையும் சொல்லி அதற்கும் ஒன்று. மற்றதன் பேர் காதில் விழுந்தால் அடுத்தது தன் முறை என்று இரண்டுக்கும் புரிந்துவிட்டால், பாய வேண்டிய தேவையே இருக்காது. இதற்கு ஆறேழு வாரம் ஆகலாம். முதல் இரண்டு வாரம் கோம்பையைக் கயிற்றில் கட்டி, கயிற்றை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டே செய்யுங்கள். எப்போதாவது மோதிக்கொண்டால் நடுவில் கையை விடாதீர்கள், ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றுங்கள், வாளியைப் பக்கத்திலேயே நிரப்பி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.